சீட்டி அடித்த குற்றம்

வேலங்கோட்டையை ஆண்ட சந்திரபூபதி ராஜா எந்தப் போரிலும் அடிபட்டதில்லை. அவரை வீழ்த்தியது ஒரு கைமுறுக்கு. ஆசையாக ஒரு கடி கடித்தார். முன்பல் ஒன்று முறுக்கோடு போய்விட்டது.

பல் போனதுகூடப் பெரிதில்லை. அன்று முதல் 'ச' வரும் இடமெல்லாம் பல்லிடுக்கில் காற்று புகுந்து சீட்டி அடித்தது. பெயரே சந்திரபூபதி, பாவம். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கூரையில் பல்லியைத் தேடினார்கள்.

இந்த நேரம் பார்த்து, அவர் லாயத்துப் பக்கம் போக, குதிரைக்காரன் சடையன் உற்சாகமாகச் சீட்டி அடித்துக்கொண்டிருந்தான். தன்னைத்தான் கேலி செய்கிறான் என்று ராஜாவுக்குச் சுருக்கென்றது. உடனே சட்டம் பிறந்தது. 'சீட்டி அடிப்பவர் குடும்பத்தோடு நாடு கடத்தப்படுவர்.' சட்டத்துக்கு வயது அரை நாழிகை, குற்றத்துக்கு வயது ஒரு நாழிகை. ஆனால் ராஜாவிடம் யார் போய்க் கேட்பது? மறுநாள் உச்சிக்குள் சடையன் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

அவன் நேரே அம்பலவாணரிடம் ஓடினான். சபையில் ராஜாவிடம் வாய் கொடுத்து மீளக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"சாமி, நான் மகாராஜாவைக் கேலி பண்ணலீங்க. குதிரைக்குத் தண்ணி காட்டினேன். சீட்டி அடிச்சாத்தான் அது குடிக்கும். இப்ப யாரும் அடிக்கப் பயந்துக்கிட்டு, அது தொண்டை காஞ்சு நிக்குது. என் பொஞ்சாதிக்கு இது எட்டாம் மாசம் சாமி. அவளைக் கூட்டிக்கிட்டு எங்கே போவேன்?"

அம்பலவாணருக்கு மனசு கேட்கவில்லை. "காலையில் குதிரையைச் சபை வாசலில் கட்டு. முன்னால் ஒரு தொட்டித் தண்ணீர் வை. வாயை மட்டும் திறக்காதே."

மறுநாள் காலை சபை கூடியது. அம்பலவாணர் ஆறு பேரை வரிசையாக அழைத்து வந்தார். எல்லார் கையிலும் அச்சுக்கட்டை, விரலெல்லாம் சிவப்புச் சாயம்.

"மகாராஜா, பட்டப்பகலில் தெருவில் உட்கார்ந்து சீட்டி அடித்தவர்கள் இவர்கள். கையும் சாயமுமாகப் பிடித்துவிட்டேன். தாங்கள் போட்டிருக்கும் அங்கிகூட இவர்கள் அடித்த சீட்டிதான். அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். மரியாதைக்காரர்கள், சொல்ல மறுக்கிறார்கள்."

ராஜா தலையில் அடித்துக்கொண்டார். "அம்பலவாணரே, இது துணி. கட்டையால் அச்சடிக்கிற சீட்டி. நான் தடுத்தது வாயால் அடிக்கிற சீட்டி."

இரண்டு 'சீ'யும் கூவிக்கொண்டு போயின. வாசலில் நின்ற குதிரை காதை நிமிர்த்தியது.

"காவலர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லையே. யாராவது அடித்துக் காட்டினால் தேவலை." அம்பலவாணர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "ஆனால் காட்டுகிறவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். சட்டம் தொட முடியாத வாய் இந்த ராஜ்யத்தில் ஒன்றே ஒன்றுதான்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உதட்டைக் குவித்து நீளமாக ஒன்று அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, பல்லிடுக்கின் புண்ணியத்தில் அருமையான சீட்டி.

வாசலில் 'களக் களக்' என்று சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குதிரை தொட்டிக்குள் முகத்தை விட்டு மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா இப்போது யாரைக் கேலி செய்தீர்கள்?" என்று அம்பலவாணர் பணிவாகக் கேட்டார்.

"யாரையும் இல்லையே."

"சடையனும் யாரையும் கேலி செய்யவில்லை."

ராஜா குதிரையைப் பார்த்தார். வாசலில் கைகட்டி நின்ற சடையனைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சடையா, நீ எங்கேயும் போக வேண்டாம். சட்டம் ரத்து" என்றார். சீட்டி அங்கியைக் கழற்றி அம்பலவாணர் தோளில் போர்த்தினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் பல்லிடுக்கில் ஒரு சீட்டி. சபையும் பல்லியை மறந்து சிரித்தது.

அம்பலவாணர் மட்டும் வாசலைப் பார்த்துப் பதறினார்.

"மகாராஜா, சிரித்தது போதும். குதிரைக்கு வயிறு வெடித்துவிடும்."