குண்டான் தின்றால் போதும்

பாசிக்குளத்தில் கொசுப்புழுக்கள் வாலால் மூச்சு விட்டுக்கொண்டு தலைகீழாய்த் தொங்கின. தொங்கியபடியே ஓயாமல் வம்பளந்தன. நம்பாதவர்கள் தண்ணீருக்குள் காதை நுழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் புதிதாய் எது விழுந்தாலும் முதலில் குண்டான் தின்ன வேண்டும். குண்டான் ஒரு தலைப்பிரட்டை. அது தின்றுவிட்டு நீந்தினால் சாப்பாடு, மல்லாந்தால் விஷம்!

ஒரு காலை, கரையிலிருந்து யாரோ பழுப்புத் தூளைத் தூவிவிட்டுப் போனார்கள்.

"டேய் குண்டா! ஓடி வா, பந்தி போட்டாச்சு!" என்று கூவியது நெளியன் என்ற புழு. இன்னும் ஒரு வேளை வயிறு நிறைந்தால் அது கூட்டுப்புழு ஆகிவிடும். அப்புறம் சிறகுதான். அந்த அவசரம் அதற்கு.

குண்டான் வாய்கொள்ளாமல் தின்றது. ஓர் ஏப்பம் விட்டது.

"எப்படிடா இருக்கு?"

"மண் வாசனை அடிக்குது. உப்பு கொஞ்சம் கம்மி!"

சொல்லிவிட்டுக் குண்டான் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. புழுக்கள் ஆரவாரம் செய்தன.

நெளியனின் அக்கா மினுக்கி முந்தின நாளே கூட்டுப்புழு ஆகியிருந்தது. கூட்டுப்புழுவுக்குத் தின்ன வாய் கிடையாது. பேச மட்டும் எப்படியோ இருந்தது.

"தம்பி, அவன் தவளை சாதி, நாம கொசு சாதி. கொஞ்சம் பொறுடா!"

"சும்மா இரு அக்கா! உன்னால தின்ன முடியலைன்னு வயித்தெரிச்சல்!"

நெளியன் தூளை வாரி வாரி விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் பசி போன இடம் தெரியவில்லை. வாய் அசைய மறுத்தது. வயிற்றுக்குள் ஏதோ முனகியது.

"யாருடா உள்ளே?"

"நீ விழுங்கின துகள்தான். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா என்னைச் செய்தது."

"குண்டானை மட்டும் ஏன் விட்டாய்?"

"அவன் வயிற்றில் எனக்குப் பிடிமானமே இல்லை. வந்த வழியே வெளியேறிவிட்டேன். உன் வயிறோ சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. இறங்கியதும் கரைந்தேன், குடலில் ஒட்டினேன், ஓட்டை போட்டேன்!"

சாகிற நேரத்திலும் நெளியனுக்கு ஆவல் அடங்கவில்லை.

"ஓட்டை எவ்வளவு பெரிசு?"

"கண்ணுக்கே தெரியாது. ஆனால் குடல் முழுக்க!"

"அடேயப்பா!" என்றது நெளியன். பிடி தளர்ந்து அடியில் போய் விழுந்தது. தூளைத் தின்ற மற்ற புழுக்களும் ஒவ்வொன்றாய்ச் செத்து இறங்கின.

மறுநாள் மினுக்கியின் கூடு வெடித்தது. அது தண்ணீர்மேல் நின்று ஈரச் சிறகை உலர்த்தியது. குண்டான் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, நானும் அதையேதானே தின்றேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"உனக்கு ஒண்ணும் ஆகலையே, அதுதான்டா என் தம்பிக்கு எமன்!" என்று சொல்லிவிட்டு மினுக்கி பறந்து போனது.

அடுத்தவன் வயிற்றில் செரித்தது தன் வயிற்றிலும் செரிக்கும் என்று நம்பி விழுங்குகிறவன், சிறகு முளைக்கும் முன்பே மூழ்கிப்போவான்.