மெயினை ஏற்றிய கை

தீர்ப்புச் சொல்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே உலக வழக்கை எல்லாம் தீர்த்துவிட்டு, இன்னொரு டீயும் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவர்களையே சேந்தன்முனையில் இரண்டு கட்சியாக உடைத்த வழக்கு இது. முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

சேந்தன்முனை கடலோர ஊர். ஐப்பசி பிறந்தால் காற்று வரும், காற்று வந்தால் கரண்ட் போகும். போன வருஷப் புயலில் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுபோனது. டாக்டர் கயற்கண்ணி டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார். கரண்ட் திரும்பியதும் 'அப்பாடா' என்று எல்லோரும் கலைந்தார்கள். ஜெனரேட்டர் ஏன் நின்றது என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டருக்கு அந்த எரிச்சல் வருஷம் முழுக்க ஆறவே இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு நாள் நானே மெயின் சுவிட்சை இறக்கப் போறேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் ஜெனரேட்டர்லதான் ஆஸ்பத்திரி நடக்கணும். என்ன ஆனாலும் யாரும் மெயினை ஏத்தக் கூடாது. சம்மதமா?”

எல்லோரும் சம்மதித்தார்கள். மூத்த நர்ஸ் சிஸ்டர் அமலோற்பவமும் வாக்குக் கொடுத்தார். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணிக்குச் சிரிப்புதான் வந்தது. “அது எம்பொண்ணு மாதிரி மேடம். வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி, சத்தம் கேட்டுட்டுதான் வீட்டுக்கே போறேன்,” என்றார். சத்தம் கேட்ட கையோடு நிறுத்தியும் விடுவார். விளக்கு, மெஷின் என்று பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மாசிலாமணி ஜெனரேட்டரைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய சாமந்தி மாலை போட்டு, புதுச் சிவப்புத் துணியும் சுற்றிவிட்டார். மறுநாள் மறுபூஜை முடிந்துதான் மாலையை எடுப்பது அவர் வழக்கம், துணி அடுத்த வருஷப் பூஜைவரை அப்படியே இருக்கும். அந்த மறுநாள் காலையில், வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்ற செய்தியைக் கேட்டதும் டாக்டர் எழுந்துபோய் மெயினை இறக்கினார்.

வார்டில் அப்போது செவந்தி என்பவளின் பச்சைக் குழந்தை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் மூச்சுக்குத் துணை வேண்டும். கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின்தான் அந்தத் துணை. 'புயலன்று மட்டும் வார்டில் குழந்தை இருக்காதா?' என்று நினைத்த டாக்டர், நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தொட்டிலருகே நிறுத்திவிட்டுத்தான் மெயினில் கை வைத்தார். நிரம்பியது என்று இருந்ததே அது ஒன்றுதான். மற்றவை நிரப்பப் போயிருந்தன. மழை பிடித்துக்கொண்டால் வண்டி என்றைக்குத் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

மாசிலாமணி ஜெனரேட்டரை ஓடவிட்டார். மாலையையும் துணியையும் எடுக்க மனசு வரவில்லை. விளக்கெல்லாம் எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பூ பொசுங்கும் வாடை வந்தது. காற்றுப் போகும் கம்பித் தட்டியைத் துணி அடைத்துவிட, சூடேறி ஜெனரேட்டர் நின்றது. காரணம் மாசிலாமணிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பாவி மனுஷன், வெட்கத்தில் வாயே திறக்கவில்லை.

சிஸ்டர் பதறாமல் குழந்தையைச் சிலிண்டருக்கு மாற்றினார். பிறகு நேராக மெயினுக்கு வந்தார். டாக்டர் குறுக்கே நின்றார்.

“ஒரு மணி நேரம் ஆகல சிஸ்டர். இப்ப ஏத்திட்டா போன வருஷம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க. எங்க ரிப்பேர்னு தெரியணும்.”

“இருக்கறது ஒரே சிலிண்டர் டாக்டர். இன்னைக்கே தீர்த்துட்டா புயலுக்கு என்ன பண்ணுவீங்க?”

“வாக்குக் கொடுத்தீங்க.”

பின்னாலேயே ஓடிவந்த செவந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். “பரீட்சை உங்களுக்குத்தானேம்மா? எம்புள்ளை ஏம்மா எழுதணும்?”

சிஸ்டர் டாக்டரின் கையை விலக்கிவிட்டு மெயினை ஏற்றினார். ஆக்ஸிஜன் மெஷின் மறுபடி ஓடியது, சிலிண்டரை மூடினார்கள்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம் மாசிலாமணி. போகவில்லை. “மன்னிச்சுக்கோ தாயி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபூஜைக்குக் காத்திராமல் மாலையையும், அடுத்த வருஷம்வரை இருக்க வேண்டிய துணியையும் பிய்த்தெடுத்தார். டாக்டரிடம் போய்க் காரணத்தைச் சொன்னார். ஆக்ஸிஜன் மெஷினை மட்டும் மெயினில் விட்டுவிட்டு, மற்ற எல்லாப் பாரத்தையும் ஜெனரேட்டரில் ஏற்றிச் சாயங்காலம்வரை ஓட்டிப் பார்த்தார்.

சொன்ன சொல்லில் நின்றவர் டாக்டர். சொல்லை மீறியவர் சிஸ்டர். வழக்கத்தை மீறியவர் மாசிலாமணி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சிஸ்டர் செய்ததே சரி. டாக்டர் மெயினை இறக்கியிருக்காவிட்டால் அந்தக் கோளாறு புயலன்றுதான் தெரிந்திருக்கும். அதுவரை அவர் பக்கம் நியாயம். ஆனால் கோளாறு இருக்கிறது என்று தெரிந்த நொடியே சோதனையின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு நிமிஷமும் புயலுக்கென்று வைத்த ஆக்ஸிஜனைத் தின்றது. நோயாளிகளுக்காகக் கொடுத்த வாக்கைக் குழந்தையின் மூச்சை எடுத்தா காப்பாற்றுவது? மாசிலாமணி செய்தது நல்ல காரியம்தான், ஆனால் வாடை வந்தபோதே வாயைத் திறந்திருந்தால் டாக்டரும் சிஸ்டரும் மோதிக்கொண்டிருக்கவே மாட்டார்கள். புயல் வந்தது, கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது. டீசல் ஊற்ற நிறுத்தியபோதெல்லாம் குழந்தை சிலிண்டரில் மூச்சு விட்டது. செவந்தி பிள்ளையோடு வீட்டுக்குப் போன அன்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அடுத்த வருஷமும் நான் இறக்குவேன் சிஸ்டர். எப்ப ஏத்தணும்னு நீங்க சொல்லுங்க.”