சிவப்பு வள்ளியின் தலை

மூக்காயியை இராசமாணிக்கம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆவணி மாதத்துக் காலையில். மலைவாழ் பளியர் குடியிருப்புக்குக் கீழே, ஓடைக்கல்லில் உட்கார்ந்து, கிழங்கு தோண்டும் கம்பின் முனையைச் சீவிக்கொண்டிருந்தாள். அவர் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் காட்டைப் பற்றி அவளிடம்தான் பாடம் கேட்டுவந்தார்.

"வாங்க வாத்தியாரே. என்ன முகம் இது, கருமாதிக்கு வந்தவரு மாதிரி?"

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் தாயி."

போன தை மாதம் சரிவில் ஒரு சிவப்பு வள்ளிக் கொடியை அவள் காட்டியிருந்தாள். "இத்தனை தலைமுறையா தோண்டித் திங்கிறீங்க. எப்படி இன்னும் தீராம இருக்கு?" என்று அவர் கேட்டார். அவள் கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் விறகு பொறுக்கப் போய்விட்டாள். அவர் ஒரு வேர்கூட அறாமல் கிழங்கை முழுசாகத் தோண்டிச் சாக்கில் போட்டார். குழியைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடைக்குக் கை கழுவப் போனார்.

"அந்த வகை வேற எங்கயுமே இல்ல தாயி. இந்த மலை முழுக்கத் தேடிட்டேன். இருந்த ஒண்ணையும் நானே பிடுங்கிட்டேன்."

"பிடுங்கினத எங்க வச்சிருக்கீங்க?"

"காலேஜ்ல. கண்ணாடிச் சாடியில, மருந்துத் தண்ணி ஊத்தி."

"அதுக்குள்ள மழை பெய்யுமா?"

அவர் ஓடையைப் பார்த்தார்.

"கிழங்கு முழுசாவா இருக்கு?"

"மேல்முனை மட்டும் இல்ல. பஸ்ல உடைஞ்சு விழுந்திருக்கும்."

அவள் சிரித்தாள். எழுந்து கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினாள். அவர் மூச்சு வாங்கப் பின்னால் போனார்.

குழி மூடியிருந்தது. மேலே நாலு கல். கற்களுக்கு நடுவிலிருந்து செந்தண்டு ஒன்று கிளம்பி, பக்கத்து மரக்கன்றைச் சுற்றி அவர் தலைக்கு மேலே போயிருந்தது.

இராசமாணிக்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஓர் இலையைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"நீங்க கை கழுவப் போனப்ப சாக்குல இருந்து எடுத்து அறுத்தேன்" என்றாள் மூக்காயி. "கிழங்கத் திம்போம். கொடி கிளம்புற தலைய அதே குழியில வச்சு மூடிருவோம். எங்க பிள்ளைக நடக்கப் பழகுறப்பவே இது பழகிரும்."

அவருக்குக் கண்ணில் நீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஏழு மாசமா சோறு இறங்கல தாயி. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருப்பீங்க."

அவர் பையிலிருந்த நோட்டை எடுக்கவில்லை.

கார்த்திகையில் காய்ச்சல் கண்டு மூக்காயி இறந்துபோனாள். தை மாதம் அவள் புருசனோடு போய் இராசமாணிக்கம் அந்தக் கிழங்கைத் தோண்டினார். தலை இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு குழிகளில் வைத்து மூடினார். கிழங்கை அவித்துக் குடியில் எல்லாரும் தின்றார்கள்.

அந்தச் சரிவில் இப்போது சிவப்பு வள்ளி இரண்டு கொடி இருக்கிறது.