சும்மா இருந்த நேரத்தைத் தின்றவன்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எனக்கே நிச்சயமில்லாத ஓர் இடத்தில், அவுரிநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு நீலச் சாயத்துக்கு ஈடு கிடையாது. அரண்மனைக்குப் பின்னால் பெரிய சாயச்சாலை. அங்கே அலசுகிறவர்கள் துணியை அலசுவார்கள், தோய்க்கிறவர்கள் மூன்று சாயத் தாழிகளில் தோய்ப்பார்கள், உலர்த்துகிறவர்கள் வெயிலில் உலர்த்துவார்கள்.

மருதாயி என்று ஒருத்தி மட்டும் மூன்று தாழிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். தாழியில் நுரை கட்டுகிறதா என்று பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், மறுபடி உட்கார்ந்துகொள்வாள். "இப்ப போடு" என்று அவள் சொன்னால் துணி உள்ளே போகும். "பொறு, தாழி அசந்திருக்கு" என்றால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். சாயச்சாலை வேலைப் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. உட்கார்ந்திருப்பதைப் போய் யாராவது வேலை என்று எழுதுவார்களா? அந்த ஊர் வழக்கம் அப்படி.

ஒருநாள் ராஜா ஆள் அனுப்பினார். "நாற்பது நாளில் இளவரசிக்குக் கல்யாணம். தொள்ளாயிரம் நீலத் துணி வேண்டும்."

சாயச்சாலைக் காரியக்காரர் பூவராகனுக்குத் தலை சுற்றியது. எவனை எங்கே போடுவது, எதை முதலில் செய்வது என்று பிடிபடவில்லை. ஒருநாள் அலசிய துணி மலையாகக் குவியும், தோய்க்க ஆள் போதாது. மறுநாள் தோய்க்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், அலசிய துணி வந்திருக்காது. உலர்த்துகிறவர்களோ கொடியடியில் ஊர்க்கதை பேசுவார்கள். பூவராகன் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அப்போது, நல்ல உச்சி வெயிலில், ஒருவன் வந்தான். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி உடம்பு. சின்னஞ்சிறு வாய். முதுகில் ஒரு கறுப்புக் கல்.

"என் பேர் நாழிகைமாயன். தினமும் காலையில் இந்தக் கல் முன்னால நின்னு என்னென்ன வேலைன்னு சொல்லு. எந்த வேலைக்கு யாருன்னு கல்லே எழுதும். ஒருத்தனுக்காக ஒருத்தன் நிக்கவே வேண்டியதில்ல."

"என்ன கூலிங்க?"

"காசு வேண்டாம். உன் ஆளுங்க சும்மா இருக்கிற நேரம் இருக்கு பாரு, அதை எனக்குக் கொடுத்துடு."

சும்மா இருக்கிற நேரம்தானே! பூவராகன் யோசிக்காமல் தலையாட்டினார். எனக்கு அந்த மனுஷன் மேல் இன்றைக்கும் ஆத்திரம்தான்.

மறுநாள் காலையில் அவர் வேலைகளைச் சொன்னார். கல்லில் ஈர எழுத்தாகப் பெயர்கள் வந்தன. நேரம் வந்தது, ஆள் வந்தது, வேலை நடந்தது. அலசிய துணி கீழே விழுமுன் தோய்ப்பவன் கை நீண்டது. தோய்த்த துணி சொட்டுமுன் உலர்த்துபவன் கை நீண்டது. மருதாயி பெயர் மட்டும் வரவில்லை.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் பூவராகன். "சும்மா உக்காந்திருக்க இங்க இடமில்ல."

அவள் போனாள். அவள் புருஷன் ஒண்டிமுத்து உள்ளே தோய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காகத் தினமும் சோற்றுச் சட்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.

முதல் வாரம், உள்ளே பாட்டுச் சத்தம் நின்றது. இரண்டாம் வாரம், ஆட்கள் கண் இமைப்பது நின்றது. மூன்றாம் வாரம், மருதாயி வேலியோரம் போய்க் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

ஒண்டிமுத்து திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் அவளே இல்லை.

"யாரு நீ? எனக்கு வேலை இருக்கு."

நேரம் வந்தது, ஆள் வந்தது, வேலை நடந்தது. நாழிகைமாயன் மட்டும் கல்லடியில் உட்கார்ந்து நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனான். ஒன்றும் சாப்பிடாமலே அவன் வாய் அசைபோட்டது.

இருபத்தைந்தாம் நாள் தொள்ளாயிரமாவது துணியை அலசி முடித்தார்கள். சடையன் என்ற அலசுகிறவன் அதைப் பிழிந்து நீட்டினான். நீட்டிய கை தெரிந்தது. பிறகு கையும் தெரியவில்லை. அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நின்ற இடத்தில் ஈரக் காலடிகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்ற மருதாயி மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

அவள் ஓடிப்போய்ப் பூவராகனைப் பிடித்தாள்.

"ஐயா, சடையண்ணன் எங்க?"

"வேலை முடிஞ்சதும்மா. கல்லுல பேர் வந்தவனுக்கு வேலை தீர்ந்தா, அவன் உலகத்துலயே இல்லையாம். அந்தப் பாவி இப்பத்தான் சொல்றான். அலசறவங்க போயிட்டாங்க. அடுத்தது தோய்க்கிறவங்க."

"கல்லை உடைச்சிடலாமே?"

"உடைச்சா எல்லாருமே போயிடுவாங்களாம்."

"எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் எத்தனை துணி பாக்கி?"

"நாளைக்குச் சாயங்காலத்தோட முடியும்," என்று சொல்லி அவர் முகத்தை மூடிக்கொண்டார். "இன்னொன்னும் இருக்கு மருதாயி. துணியைப் பாரு."

மருதாயி பார்த்தாள். கொடியில் தொங்கியது நீலமே இல்லை. அடுப்புச் சாம்பல் நிறம். நுரை கட்டும்வரை யாரும் பொறுக்காததால் தாழிகள் ஓய்ந்துபோயிருந்தன. தாழியிலிருந்து எடுத்த துணி பச்சையாகத்தான் இருக்கும், காற்றுப்பட நின்றால்தான் நீலமாகும். அதற்கும் யாரும் நிற்கவில்லை. கல்லுக்கு என்ன, அதற்கு எண்ணிக்கைதான் தெரியும்.

மருதாயி கல்லைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"ஐயா, நாம சொல்ற வேலைக்கு ஆளு பத்தலைன்னா கல்லு என்ன செய்யும்?"

"எங்கிருந்தாவது ஆளைக் கொண்டாந்து போட்டே ஆகணும். அதான் அதோட விதியாம்."

"அப்ப நாளைக்குக் காலையில நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

அவள் சொன்னதைக் கேட்டுப் பூவராகன் வாயைப் பிளந்தார். "உக்காந்திருக்கிறதை எப்படிம்மா வேலைன்னு சொல்றது? எங்கப்பன் காலத்துலருந்து யாரும் எழுதினதில்லையே!"

"எழுதாமத்தானே அவன் வாய்ல போட்டீங்க?" என்றாள் மருதாயி.

விடிந்தது. ஆட்கள் இமைக்காத கண்ணோடு வரிசையில் நின்றார்கள். பூவராகன் கல் முன்னால் போனார். பக்கத்தில் மருதாயி நின்றாள்.

"முதல் வேலை, மூணு தாழிக்கும் பக்கத்துல நுரை கட்டுற வரைக்கும் காத்திருக்கணும். தாழி ஒண்ணுக்குப் பத்துப் பேர்!"

நாழிகைமாயனின் வாய் அசைவது நின்றது.

"ரெண்டாவது வேலை, துணி நீலமாகிற வரைக்கும் காத்திருக்கணும். துணி ஒண்ணுக்கு ஒரு ஆள்!"

"டேய், நிறுத்து!" என்று மாயன் எழுந்தான். "அது என்னோட நேரம்!"

"சும்மா இருந்த நேரம்தானே உங்களுக்கு?" என்றாள் மருதாயி. "இது வேலை நேரம். நீங்க தொடக் கூடாது."

"மூணாவது வேலை," என்று பூவராகன் குரல் உடையக் கத்தினார், "ஒருத்தன் வர்ற வரைக்கும் இன்னொருத்தன் காத்திருக்கணும்!"

கல் வியர்த்தது. எழுதத் தொடங்கியது. தோய்க்கிறவன், உலர்த்துகிறவன், இருந்த பெயர்களெல்லாம் தீர்ந்தன. வேலை தீரவில்லை. கல் நடுநடுங்கி இன்னும் மூன்று பெயர்களை எழுதியது. அலசும் துறையில் ஈரக் காலடிகளின் மேல் கால்கள் முளைத்தன. கால்மேல் உடம்பு, உடம்பின்மேல் தலை. சடையனும் கூட்டாளிகளும் இருமிக்கொண்டே வந்து நின்றார்கள். அப்போதும் ஆள் போதவில்லை. கல் கடைசியாக ஒரு பெயர் எழுதியது. 'நாழிகைமாயன். மூன்றாம் தாழி. காத்திருக்க.'

மாயன் ஓடப் பார்த்தான். கால்கள் அவனைத் தாழியடிக்கே இழுத்துப் போயின. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவனும் உட்கார்ந்தான். ஊரார் நேரத்தைத் தின்று வளர்ந்தவனுக்குத் தன் சொந்த நேரத்தில் ஒரு நாழிகைகூடத் தாங்கவில்லை. முனகினான், வற்றினான், மேலும் வற்றினான். தாழியில் முதல் நுரை கட்டியபோது அங்கே அவன் வேட்டி மட்டும் கிடந்தது. கறுப்புக் கல் சத்தமில்லாமல் மணலாகச் சரிந்தது.

ஒண்டிமுத்து இமைத்தான். இன்னொரு தரம் இமைத்தான்.

"மருதாயி, பசிக்குதுடி," என்றான். அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, விக்கி விக்கி அழுதாள்.

தாழிகளைத் தேற்றி, துணிகளை மறுபடி தோய்த்து முடிக்கக் கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. ராஜா குதித்தார். இளவரசி நேரில் வந்து பார்த்தாள். பச்சைத் துணி அவள் கண்ணெதிரே நீலமாக மாறியது. "இதுக்குக் காத்திருக்கலாம்ப்பா," என்றாள். நடந்ததெல்லாம் கேட்ட ராஜா, பூவராகனைத் துணி அலச அனுப்பினார். காரியக்காரர் இடத்தில் மருதாயி அமர்ந்தாள். எந்த வேலை முதலில், யார் எங்கே, எங்கே எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்று அவளே சொன்னாள். சாயச்சாலையில் மறுபடி பாட்டுக் கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், முழுசாக இல்லை. ஒண்டிமுத்து எப்போதாவது பேச்சின் நடுவில் நின்றுவிடுவான். கண் இமைக்காது. யாரோ தூரத்தில் தன் பெயரை எழுதுவதைக் கேட்பவன்போல் இருப்பான். மருதாயி அவனை உலுக்கமாட்டாள், கூப்பிடவும் மாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வந்துவிடுவான்.

வந்தவன் சாப்பிட்டான், அவளும் சாப்பிட்டாள். கதை கேட்ட நீங்களும் எழுந்து போய், அவசரப்படாமல், நன்றாக மென்று சாப்பிடுங்கள்.