சேற்று விளக்கு

“செத்துப்போனது கண்ணைத் திறந்துட்டுது, மேடம்” என்றார் யாகப்பன்.

கையில் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் கறுத்த குளத்துச் சேறு. சேற்றிலிருந்து மேலே வரும் இரண்டு கம்பிகள். கம்பிகளின் முனையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு.

நிஷா மேடம் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். எதையாவது கவனமாகக் கேட்க வேண்டுமென்றால் அவர் முதலில் செய்வது அதுதான்.

“சொல்லுங்க சார்.”

ரஹ்மத் நிஷா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆராய்ச்சித் துறையில் பேராசிரியர். வயது நாற்பதைத் தொடவில்லை. யாகப்பன் அவருடைய மாணவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அதனால் அந்த அறையில் ஆசிரியர் மாணவரைச் ‘சார்’ என்று அழைப்பார்.

குளத்துச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அழுகியதைத் தின்று வாழ்பவை. தின்னும்போது துளி மின்சாரத்தை வெளியே விடுகின்றன. துளித்துளியாகச் சேர்ந்து, போதுமான அளவு வந்ததும் விளக்கு ஒருமுறை மின்னும். மறுபடி சேரும். மறுபடி மின்னும். அவ்வப்போது கஞ்சித் தண்ணீர் ஊற்றிவந்தால் நாடி துடிப்பதுபோல் மின்னிக்கொண்டே இருக்கும்.

மின்கம்பி எட்டாத இடங்களில் இந்த விளக்கை வைக்கலாமா என்பது துறையின் கேள்வி.

கவனிக்க ஆளில்லாமல், சாப்பாடு இல்லாமல் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பது யாகப்பனின் கேள்வி.

ஏழு ஜாடிகளைப் பட்டினி போட்டார்.

ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மணி நேரம் மின்னாவிட்டால் செத்ததாக எடுத்துக்கொள்வது என்று அவரே ஒரு விதி வைத்தார். ஆறு ஜாடிகள் அப்படிச் செத்தன. ஏழாவது அன்று காலையில் செத்தது. நேரத்தைக் குறித்துவிட்டுக் கழுவுவதற்காக எடுத்துப்போனார்.

குழாயைத் திறக்கும்போது அது அவர் கைக்குள் மின்னியது.

இதையெல்லாம் யாகப்பன் நின்றபடியே சொன்னார். உட்காரத் தோன்றவில்லை.

“மத்த ஆறும் எங்க?” என்று கேட்டார் மேடம்.

கட்டடத்துக்குப் பின்னால் கொட்டி, ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னார் யாகப்பன். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

மேடம் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதைக் கொண்டுபோய் வச்சிட்டு, முன்னால உக்காருங்க.”

“எவ்வளவு நேரம் மேடம்?”

மேடம் மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

*

விளக்கு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஆய்வறையின் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. சேற்றின் வாடை மட்டும் இருக்கும்.

யாகப்பன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று முழுக்க மின்னவில்லை. மறுநாளும் இல்லை. விதியை மாற்றினார். ஒரு மணி நேரம் என்பதை அடித்துவிட்டு ஒரு நாள் என்று எழுதினார். எழுதி மூடியை மாட்டும்போது விளக்கின் வெளிச்சத்தில் பேனா சிவந்தது. நிமிர்வதற்குள் அணைந்துவிட்டது.

ஒரு வாரம் என்று மாற்றினார். வாரம் கழிந்தது. சரி, இனி இல்லை என்று எழுந்தார். எதிர்ச்சுவரில் அவருடைய நிழல் ஒருமுறை வந்து போனது.

ஜாடி தன்னைக் கவனிக்கிறது என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்தது. படித்த மனிதர். எண்ணத்தை ஒதுக்கினார். ஆனால் அதற்குப் பிறகு ஜாடிக்கு முதுகு காட்டி உட்கார அவரால் முடியவில்லை.

இருட்டிலும் படம்பிடிக்கும் கேமரா வைத்துவிடலாமே என்று மேடத்திடம் போய்க் கேட்டார்.

“வைங்க. நீங்களும் உக்காருங்க.”

வைத்தார். அடுத்த முறை மின்னியதும் பதிவை ஓட்டிப் பார்த்தார். மங்கலான படத்தில் ஒரு ஜாடி, ஒரு நாற்காலி, நாற்காலியில் அவர். விளக்கு மின்னியது. அந்தக் கணத்தில் படத்திலிருந்த யாகப்பன், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

பின்னோக்கி ஓட்டினார். அதற்கு முன்னால் எங்கே மூச்சு விட்டோம் என்று தேடினார்.

தோள் அசையவில்லை. மார்பு அசையவில்லை. இன்னும் பின்னால் போனார். அசையவில்லை.

கேமரா சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை மனைவி உலுக்கி எழுப்பினாள். மூக்குக்குக் கீழே அவளுடைய விரல்கள் இருந்தன. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் யாகப்பன் மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனார். கொட்டிய சேறு செம்மண்ணோடு கலந்திருந்தது. எது எந்த ஜாடி என்று தெரியவில்லை. மேலே கோரைப்புல் முளைத்திருந்தது.

குந்தி உட்கார்ந்து, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஈர மண்ணில் குத்தினார்.

முள் அசைந்தது.

எந்த ஈர மண்ணில் குத்தினாலும் கொஞ்சம் அசையும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஊசியை எடுக்காமல் அங்கேயே இருந்தார். பேண்ட் நனைந்து உடம்பு சில்லிட்ட பிறகுதான் எழுந்தார்.

*

நேராக மேடத்தின் அறைக்குப் போனார். அந்த ஜாடியின் கம்பியை வெட்டிவிடப் போகிறேன், இல்லையென்றால் இந்த ஆராய்ச்சிக்கு முடிவே இல்லை என்றார்.

மேடம் மேசை இழுப்பறையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினார்.

“வெட்டுங்க.”

இருவரும் இருட்டறைக்குப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். யாகப்பன் கையால் தடவிக் கம்பியைப் பிடித்தார். பிளேயரின் வாயைக் கம்பியில் வைத்தார்.

மின்வாரியத்தில் இருந்தபோது, கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன்னால், லைன் செத்தாச்சு ஏறு என்று சொல்வது அவர் வேலையாக இருந்தது. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறையும் தவறியதில்லை.

இப்போது கை இறுகவில்லை.

விளக்கு மின்னியிருந்தால் வெட்டியிருப்பார். அது மின்னவில்லை. இருட்டில் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருத்தலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிளேயரைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு நேரம் கழிச்சு மேடம், செத்துப்போச்சுன்னு எழுதலாம்?”

“அந்த ஆறுக்கும் என்ன நேரம் எழுதினீங்க?”

“ஒரு மணி நேரம் முடிஞ்ச நேரத்தை.”

“அது நீங்க எழுந்த நேரம் சார்.”

யாகப்பன், மேடத்திடம் சொல்வதுபோல் இல்லாமல், ஜாடி இருந்த திசையைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க அண்ணன் கல்லறையில ஒரு தேதி வெட்டியிருக்கு. நாங்க திரும்பி வந்த தேதி.”

பிறகு மெதுவாக விவரம் சொன்னார். அண்ணன் பெயர் சிலுவை. கடலுக்குப் போன படகு கரைக்கு வரவில்லை. ஊரே தேடப் போனது. யாகப்பனும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். தேடிக்கொண்டே இருந்தார்கள். காற்று மாறியது, கூட வந்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். ஒரு மதியம் எல்லோரும் கலந்து பேசிப் படகுகளைத் திருப்பினார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஊரில் இறந்தவருக்கான பூசை வைத்தார்கள். வெறும் பெட்டியைப் புதைத்தார்கள்.

அண்ணன் மனைவி பெயர் கித்தேரி. அந்தப் பூசைக்கு அவள் கோயிலுக்கு வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அந்தக் கடற்கரை ஊரில், அதே வீட்டில், இன்றும் தனியாகத்தான் இருக்கிறாள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்றதும், அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உறவுக்காரர்கள் போகவர இருப்பதை விட்டுவிட்டார்கள். யாகப்பனும் விட்டுவிட்டார்.

இருட்டில் மேடத்தின் முகம் தெரியவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நீங்க போயிட்டு வாங்க” என்றார். “இங்க நான் உக்காந்திருக்கேன்.”

*

யாகப்பன் வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியது. வராந்தாவில் நின்று அண்ணன் மனைவிக்குப் போன் செய்தார். எண் மாறியிருக்கும் என்று நினைத்தார். மாறவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

தன் பெயரைச் சொன்னார். தெரியுது என்றாள்.

“மைனி, நான் அங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரட்டா?”

மறுமுனையில் சத்தமே இல்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்திருப்பார்.

வைக்கவில்லை. காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் அவரைக் கடந்து போனார்கள். வராந்தா மறுபடி வெறுமையானது. தூணின் நிழல் அவர் செருப்பைத் தொட்டு, தாண்டியது.

“வாங்க” என்றாள் மைனி. “நாங்க ரெண்டு பேரும் வீட்லதான் இருக்கோம்.”