எட்டுத் தோல்விகளோடு வந்தவர்

காலை ஆறு மணி. எட்டுத் தோல்விகளோடு கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார் தயாளன்.

பதினைந்து வருடம் அவர் ஃபார்வர்டாக ஆடியவர். வியாசர்பாடியிலிருந்து மாநில அணிவரை போனவர். அவர் பெனால்டி அடித்தால் எதிரணி ரசிகர்களும் கை தட்டுவார்கள்.

முட்டி போனது. விண்மீன் கிளப்பின் பயிற்சியாளர் ஆனார். அந்த சீசனில் எட்டு ஆட்டத்திலும் அணி தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். தயாளன் வீட்டுக்குப் போய்விடலாம்.

மைதானத்தில் வேம்பு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடலூர் பெண்கள் அணியின் பயிற்சியாளர். தயாளனைவிட ஆறு வயது இளையவர். அவர் பயிற்சியில் அணி மூன்று முறை மாநிலக் கோப்பை வாங்கியிருந்தது. தயாளன் யோசனை கேட்க வந்தது அவரிடம்தான்.

"மேடம், என் பசங்களுக்கு மூளையே வேலை செய்யல," என்றார் தயாளன்.

"அப்படியா?"

"அடின்னா அடிக்கிறாங்க. பாஸ் குடுன்னா குடுக்கறாங்க. ஆனா எல்லாம் அரை செகண்ட் லேட்டு. அதுக்குள்ள பந்து போயிடுது."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"லைன்லதான். தொண்ணூறு நிமிஷமும் தொண்டை கிழியக் கத்தறேன். நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

வேம்பு சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார்.

"ஷூ இருக்கா?"

"பையில இருக்கு."

"மாட்டுங்க. இன்னிக்கு எங்களுக்கு ஒரு ஃபார்வர்ட் குறையுது."

"இந்தப் பொண்ணுங்களோடயா? எனக்கு நாற்பத்தி மூணு வயசு மேடம்."

எதிர்ப்பக்கம் பேக்காக நின்று தடுத்து ஆடும் பொன்னரசி பிளஸ் டூ படிப்பவள். ஜடையை முடிந்தபடியே, "பயப்படாதீங்க அங்கிள், மெதுவாத்தான் இடிப்பேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தயாளன் ஷூவை மாட்டினார்.

முதல் பந்து நேராக அவர் காலுக்கு வந்தது.

"அடிங்க!" என்று லைனிலிருந்து கத்தினார் வேம்பு.

தயாளன் காலைத் தூக்கினார்.

"வேணாம், வேணாம்! லெஃப்ட்ல குடுங்க!"

தயாளன் திரும்பி லைனைப் பார்த்தார். மறுபடி குனிந்தபோது பந்து பொன்னரசியிடம் இருந்தது.

அடுத்த பந்து.

"நில்லுங்க! ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!"

"டாட்டா அங்கிள்," என்று சொல்லிக்கொண்டே பொன்னரசி பந்தோடு போனாள்.

மூன்றாவது பந்து வரும் முன்பே வேம்பு ஆரம்பித்துவிட்டார். "ரைட்ல போங்க! தலையத் தூக்குங்க! பந்தப் பாருங்க! சார், எங்க பாக்கறீங்க?"

தயாளன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மேடம்! கொஞ்சம் வாய மூடறீங்களா? பந்து என் கால்ல இருக்கு! எனக்குத் தெரியும்! என்னை ஆட விடுங்க!"



தயாளன் வாய் திறந்தபடியே நின்றிருந்தார். முகம் மெல்ல மாறியது.

 வேம்பு இன்னொரு பந்தை எடுத்து அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

தயாளன் பொன்னரசியை இடப்பக்கம் இழுத்து, வலப்பக்கம் கடந்து, கோல்மூலையில் தாழ்வாக அடித்தார். பெண்கள் விசில் அடித்தார்கள்.

"இப்படி ஆடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நல்லாவே இடிச்சிருப்பேன்," என்றாள் பொன்னரசி.

தயாளன் இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"மேடம், நான் உங்ககிட்ட கேட்டேனே..."

"இட்லி ஆறிடும், வாங்க," என்றார் வேம்பு.

ஞாயிற்றுக்கிழமை தயாளன் லைனுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பந்து கிடைத்ததும் விண்மீன் பையன்கள் பழக்கத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்படிப் பார்த்த நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது.

கேப்டன் நெல்சன் ஓடி வந்தான். "சார், ஏதாவது சொல்லுங்க சார்! இறங்கிடுவோம் சார்!"

"ஆடும்போது பந்து உன் கால்லதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப என்னை ஏன்டா கேக்கற?"

 நெல்சன் திரும்பி ஓடினான். அதன்பின் யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று விண்மீன் ஜெயித்தது. கடைசி கோலை நெல்சன் குதிகாலால் தட்டிவிட்டான். அப்படி அடிக்க தயாளன் அவனுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. முட்டியை மறந்து பெஞ்ச் மேல் ஏறிக் குதித்தார்.

அடுத்த சீசனில், 2016 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை விண்மீன் கிளப் முதல் டிவிஷன் கோப்பையை வென்றது. இடைவேளையில் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று நிருபர் ஒருவர் நெல்சனிடம் கேட்டார்.

"தண்ணி குடிங்கடான்னாரு," என்றான் நெல்சன்.