முதுகு தெரியும் இடம்

மொழிமாற்றுப் படங்களுக்குக் குரல் கொடுக்க ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டிருந்தாள் சுகந்தி. சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் ஜெசிந்தாவை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். தமிழில் வசனம் எழுதுவதும் அவர்தான், மைக் முன்னால் நிற்பவரை வறுத்தெடுப்பதும் அவர்தான்.

சுகந்திக்கு முதல் முறையாகக் கதாநாயகி வேடம் கிடைத்தது. வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படம். அவள் மகள் மிருணா அன்றே பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். படம் வெளியாகும் முதல் நாளே தோழிகளோடு போவதாக ஏற்பாடு.

அந்தக் கதாநாயகி எதிரியின் கோட்டையில் பல வருடம் அடைபட்டிருந்த விஞ்ஞானி. ஹீரோ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு ஒரே வேலை, அலறுவது. சுகந்தி காலையிலிருந்து அலறி அலறித் தொண்டை கட்டிப்போயிருந்தாள்.

"என்னால முடியாதுக்கா. வேற யாரையாவது கூப்பிட்டுக்கோங்க."

"தொண்டை வலிக்குதா?"

"மனசுதான். எம்பொண்ணு ஊரையே கூட்டிட்டு வரப்போறா. அம்மா கத்துறதையா கேக்கணும்? இந்தப் படங்கள்ல பொம்பளைக்கு எப்பதான்கா வாய் வரும்?"

ஜெசிந்தா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கோட்டைக் காட்சியை ஓடவிடச் சொன்னார். ஹீரோ அவளைச் சுமந்து இருட்டுப் பாதையில் பறந்தான். பாதை இரண்டாகப் பிரிந்தது. அவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பி வெளியே வந்துவிட்டான்.

"இவன் இந்தக் கோட்டைக்கு முன்னாடி வந்திருக்கானா?"

"இல்லக்கா."

"வழி எப்படித் தெரிஞ்சுது?"

"ஹீரோவாச்சே."

"ம். இன்னொரு தடவை பாரு. இவ உதடு தெரியுதா?"

சுகந்தி பார்த்தாள். கதாநாயகியின் முதுகும் கூந்தலும்தான் தெரிந்தன. உதடு தெரியாத இடத்தில் வசனம் சேர்த்துக்கொள்வது டப்பிங்கில் எல்லோரும் செய்வதுதான். என்ன, அந்தச் சலுகையெல்லாம் ஹீரோவின் அசட்டு ஜோக்குகளுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஜெசிந்தா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"போ. மைக்ல நில்லு."

காட்சி மறுபடி ஓடியது. பாதை பிரியும் இடம் வந்தது. சுகந்தி அலறவில்லை. கட்டிய தொண்டையோடு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இடப்பக்கம் திரும்பு."

ஹீரோ திரும்பினான்.

பதிவானதைப் போட்டுக் கேட்டபோது சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல்.

"எம்பொண்ணுகிட்ட, நான் சொல்லித்தான் அவன் திரும்பினான்னு சொல்லலாமாக்கா? நாமளா சேர்த்த வசனம்தானே? பொய்யாயிடாதா?"

ஜெசிந்தா ஃபிளாஸ்கைத் திறந்து அவளுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உள்ளேயே கிடந்தவ அவ. வழி அவளுக்குத்தான் தெரியும். அவ அப்பவே சொல்லியிருப்பா, சுகந்தி. நம்ம காதுலதான் விழல."